கணையத்தில் மறைந்திருக்கும் பகை

மனித தேகத்தின் உறுப்புகளில், தனக்கு நேர்ந்த துன்பத்தை உடையவனுக்கே தெரிவிக்காமல் மறைத்து வைத்துக்கொள்ளும் உறுப்பு ஒன்று உண்டு. அதுவே கணையம். இரைப்பைக்குப் பின்புறத்தில், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கும் இவ்வுறுப்பு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. இதன் தலைப்பாகம் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கிறது. வால்பாகம் இடப்புறத்தில் மண்ணீரலை எட்டுகிறது. உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும், இரத்தத்திலுள்ள சர்க்கரையை அடக்கியாளும் இன்சுலினையும் சுரப்பது இதன் தொழில். இத்தகைய முக்கியமான உறுப்பில் புற்றுநோய் தோன்றினால் அச்செய்தி பல மாதங்கள் வரை நோயாளிக்குத் தெரிவதில்லை. வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்தாலும் அவர் கைக்குத் தட்டுப்படுவதில்லை. பசி குறைந்தது, உடம்பு இளைத்தது, முதுகில் ஒரு வலி என்று நோயாளி வந்து நிற்கும்போது, பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கிறது.

இக்கூற்றில் மிகையில்லை என்பதைக் கணக்குகளே மெய்ப்பிக்கும். 2022-ம் வருஷத்தில் உலகமெங்கும் இந்நோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 5 லக்ஷத்து 11 ஆயிரம் பேர். அதே வருஷத்தில் இதனால் மாண்டவர்கள் சுமார் 4 லக்ஷத்து 67 ஆயிரம் பேர். வந்தவர் தொகையும் மாண்டவர் தொகையும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய் வேறு மிகச் சிலவே. சிகிச்சை வசதிகள் நிறைந்த அமெரிக்காவிலேயே இந்நோயாளர் நூறு பேரில் ஐந்து வருஷங்களுக்குப் பின் உயிருடனிருப்போர் சுமார் 13 பேர்தான். ஆனால் நோய் கணையத்தை விட்டு வெளியே பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால், இத்தொகை 40-க்கு மேல் உயர்கிறது. ரண சிகிச்சையால் கட்டியை அகற்றக்கூடிய நிலையில் வைத்தியரிடம் வந்து சேருவோர் நூற்றுக்குப் பதினைந்து அல்லது இருபது பேரே. ஆகவே, இவ்வியாதியில் ஜீவ மரணப் பிரச்னை மருந்தில் மாத்திரம் அடங்கியதன்று; எப்பொழுது கண்டோம் என்பதிலும் அது அடங்கியிருக்கிறது.

ஒரு நீதிபதியின் கதை

இதனை விளக்க, பகிரங்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதியாக விளங்கிய ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார், அதற்குச் சில வருஷங்களுக்கு முன் குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அதன் காரணமாக ஆண்டுதோறும் தம் உடம்பைப் பரிசோதித்துக்கொள்வது அவர் வழக்கம். 2009-ம் வருஷத் தொடக்கத்தில் நடந்த அத்தகைய பரிசோதனையில், ஸி.டி. ஸ்கான் படத்தில் கணையத்தின் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி ஒன்று தென்பட்டது. அவருக்கு நோவு எதுவுமில்லை, அறிகுறியும் இல்லை. பிப்ரவரி 5-ந் தேதி ரண சிகிச்சை நடைபெற்றது. எடுத்த சதையைச் சோதித்தவர்கள் கண்டது வியப்பானது. படத்தில் தெரிந்த கட்டி தீங்கற்றது. ஆனால் படத்தில் தெரியாதிருந்த, அதனினும் சிறிய மற்றொரு கட்டியே புற்று! அம்மாதம் முடியுமுன் அம்மையார் நீதிமன்றத்தில் தம் ஆசனத்தில் அமர்ந்தார். அதன் பின் பதினொரு வருஷங்களுக்கு மேல் அந்தப் பதவியை வகித்து, 2020-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி, கணையப் புற்றுநோயின் விளைவாகவே, தமது 87-வது வயதில் காலமானார்.

இதில் நாம் கவனிக்கவேண்டிய விஷயங்கள் இரண்டு. முதலாவது, முன்னதாகக் கண்டதனால் கிடைத்த பதினொரு வருஷங்கள். இரண்டாவது, சிறந்த ஸ்கான் யந்திரத்துக்கும் தப்பிய அச்சிறு கட்டி. படத்தில் தெரிந்த தீங்கற்ற கட்டி இல்லாதிருந்தால், தெரியாத புற்று வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். அதிர்ஷ்டத்தை நம்பி நடத்துவது வைத்திய சாஸ்திரமாகாது. அத்தகைய சிறு கட்டிகளைத் தேடிக் காண்பதற்கு உள்ள வழி யாது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

இரண்டு கருவிகள் ஒன்றானமை

ஒலியைக் கொண்டு மறைந்த பொருளைக் காணலாம் என்பது புதிய கருத்தன்று. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-ல் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் கண்டனர். அதே படிகங்களுக்கு மின்சாரம் ஊட்டினால், காதுக்குக் கேளாத நுண்ணிய ஒலியை அவை எழுப்பும். முதல் உலக யுத்தத்தின்போது பிரெஞ்சு விஞ்ஞானி லான்ஜ்வன் இதனைக் கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்குப் பயன்படுத்த முயன்றார். 1958-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் அயன் டொனால்ட் வயிற்றிலுள்ள கட்டிகளை இம்முறையால் காணலாம் என்று லான்ஸெட் பத்திரிகையில் எழுதினார். இன்று கர்ப்பிணிகள் எல்லோரும் அறிந்திருக்கும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை அதிலிருந்து வளர்ந்ததே.

ஆனால் கணையத்தின் விஷயத்தில் இப்பரிசோதனைக்கு இரண்டு தடைகள் ஏற்பட்டன. இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்று ஒலியைத் திருப்பியடித்துவிடுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் உறுப்பு நிழலில் மறைகிறது. இது முதல் தடை. ஒலியின் அதிர்வெண் உயர உயரப் படம் நுட்பமாகும். ஆனால் அந்த அளவுக்கு ஒலி உள்ளே செல்லும் தூரமும் குறைந்துபோகும். வயிற்றுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் கருவி, ஆழத்தை எட்டவேண்டி, விநாடிக்குச் சுமார் 30 அல்லது 50 லக்ஷம் அதிர்வுகளோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது. இது இரண்டாம் தடை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு மலை தெரியும். மலைமேலுள்ள கல் தெரியாது.

எனவே, கருவியைக் கணையத்தின் அருகிலேயே கொண்டுபோய் வைத்தால் என்ன என்ற யோசனை பிறந்தது. அதற்கு ஏற்ற வாகனம் அதற்குள் தயாராக இருந்தது. வளைந்த கண்ணாடி நாரிழைகளின் வழியே பிம்பத்தை அனுப்பலாம் என்று 1954-ல் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில அறிஞரும், பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நம்மவரான நரீந்தர் சிங் கபானியும் லண்டனில் செய்து காட்டினர். அந்த இழைகளைக் கொண்டு இரைப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் வளையும் குழாயை அமெரிக்காவிலிருந்த டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் அமைத்தார். 1957-ல் முதன் முதல் அதைத் தாமே விழுங்கிப் பார்த்தார்! இக்குழாயின் முனையில் ஒலிப் படிகத்தைப் பொருத்தும் வேலை 1980-ம் வருஷத்தில் நிறைவேறியது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் டிமாக்னோவும் அவருடைய கூட்டாளிகளும் நாய்களிடத்தில் இக்கருவியைச் சோதித்து அறிக்கை வெளியிட்டனர். அதே வருஷத்தில் ஜெர்மனியில் டாக்டர்கள் ஸ்ட்ரோம், கிளாசன் முதலியோர் மனிதர்களிடத்தில் கண்டதை வெளியிட்டனர். கியூரி சகோதரர்களின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறு வருஷங்கள் கழித்து இது நிகழ்ந்தது.

இப்புதிய கருவி வாய் வழியாக இறங்கி, இரைப்பையின் சுவரிலும் முன்சிறுகுடலின் சுவரிலும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்க்கிறது. இடையில் காற்று இல்லை, தூரமும் இல்லை. ஆகவே விநாடிக்கு 50 லக்ஷம் முதல் 120 லக்ஷம் வரை அதிர்வுகளை உபயோகித்து, சில மில்லிமீட்டர் அளவே உள்ள கட்டியையும் காட்டுகிறது. 2004-ல் இந்தியானா மாகாணத்து வைத்தியர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணையப் புற்று இருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேரிடத்தில் இக்கருவி கட்டியைக் கண்டது, ஸி.டி. ஸ்கான் 86 பேரிடத்தில் கண்டது. கட்டி சிறுத்திருக்குமளவுக்கு இவ்வித்தியாசம் பெரியதாகும். ஆயினும் ஸ்கான் வேண்டியதில்லை என்று யாரும் கருதலாகாது. கல்லீரல் முதலிய தூரத்து உறுப்புகளுக்கு நோய் பரவியுள்ளதா என்று சொல்ல ஸ்கானே தக்கது. ஒன்று நாட்டின் வரைபடம். மற்றொன்று வீட்டின் உள்ளறை.

சாட்சியம் வேண்டும்

நீதிமன்றத்தில் பழகியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. படத்தில் கருமையாகத் தெரியும் ஒரு புள்ளி புற்றாகவும் இருக்கலாம். பழைய வீக்கத்தின் தழும்பாகவும் இருக்கலாம். ரண சிகிச்சையே வேண்டாத வேறொரு வியாதியாகவும் இருக்கலாம். கணையத்தின் தலையை அகற்றுவது வைத்திய உலகிலுள்ள மிகப் பெரிய ரண சிகிச்சைகளில் ஒன்று. வெறும் சந்தேகத்தின் மேல் அத்தண்டனையை எப்படி விதிப்பது?

இதற்கு வழி காட்டியவர் டென்மார்க் தேசத்து டாக்டர் பீட்டர் வில்மன். முதலில் வந்த கருவிகள் குழாயைச் சுற்றிலும் வட்டமாகப் படம் காட்டின. அவற்றில் ஊசி செல்லும் பாதையைத் தொடர்ந்து காண இயலவில்லை. பின்னர், குழாயின் போக்கை ஒட்டி நீளவாக்கில் படம் காட்டும் கருவி வந்தது. அதைக் கொண்டு, குடற்சுவரின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதன் முனை கட்டிக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அணுக்களை உறிஞ்சி எடுக்கலாம் என்று வில்மனும் அவருடைய கூட்டாளிகளும் 1992-ல் எழுதினர். இச்சோதனை புற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 85 முதல் 90 பேர் வரை உண்மையை வெளிப்படுத்துகிறது. 'புற்று' என்று ஊசி கூறினால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். 'இல்லை' என்று கூறினாலோ, எதிரி குற்றமற்றவன் என்று உடனே தீர்ப்புக் கூறிவிட முடியாது. சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடியும் விசாரிக்க வேண்டும். இந்த ஊசியினால் கணைய வீக்கமோ இரத்தப் போக்கோ நேர்வதும் உண்டு. ஆனால் அது நூற்றில் ஓரிருவருக்கே.

கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கும் உலகறிந்த சாட்சியம் உண்டு. ஆப்பிள் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. சில மாதங்களே உயிர் வாழ்வார் என்ற எண்ணம் வைத்தியர்களுக்கு ஏற்பட்டிருந்தது. குழாயை வாய் வழியாக இறக்கி, ஊசியால் அணுக்களை எடுத்துப் பார்த்தபோது, அது ரண சிகிச்சையால் குணப்படக்கூடிய அபூர்வமான வகை என்று வெளியாயிற்று. 2005-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் அவரே இதைப் பகிரங்கமாகச் சொன்னார். ஆனால் அவர் ரண சிகிச்சைக்கு இசைந்தது 2004-ம் வருஷத்தின் நடுவில், ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் கழித்தேயாகும்; 2011 அக்டோபரில் அவர் காலமானார். அத்தாமதமே அவர் உயிருக்கு எமனாயிற்று என்று தீர்ப்புக் கூற நம்மிடம் ஆதாரமில்லை. கண்ட பின்னும் காலம் நமக்காகக் காத்திராது என்பதை மாத்திரம் கூறலாம்.

புதிய யுக்திகள்

சமீப காலத்தில் இக்கருவிக்குத் துணையாக வேறு சில யுக்திகள் வந்திருக்கின்றன. கை நரம்பின் வழியே மிக நுண்ணிய வாயுக் குமிழிகளைச் செலுத்தினால், இரத்தம் ஓடும் இடமெல்லாம் படத்தில் பிரகாசிக்கிறது. சாதாரணக் கணையப் புற்று, இறுகிய நார்ச் சதையால் சூழப்பட்டு இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால், மங்கியே நிற்கிறது. ஜாப்ஸுக்கு ஏற்பட்ட வகையைச் சேர்ந்த கட்டிகளோ ஒளிவிடுகின்றன. சதையின் இறுக்கத்தை நிறங்களாகக் காட்டும் முறை மற்றொன்று. புற்று கெட்டியானது, ஆனால் நாட்பட்ட வீக்கமும் கெட்டியானதே. ஆதலால் இவை இரண்டும் சந்தர்ப்ப சாட்சியங்களே. வழக்கை முடிப்பவை அல்ல.

ஊசியும் மாறியிருக்கிறது. முன்பு சிதறிய அணுக்களை மாத்திரம் உறிஞ்சிய ஊசிக்குப் பதிலாக, சிறு சதைத் துண்டையே வெட்டியெடுக்கும் முனையுள்ள ஊசிகள் வழக்கத்துக்கு வந்துள்ளன. சதையின் அமைப்பு குலையாமல் கிடைப்பதால் நோயின் வகையை நிச்சயிப்பது எளிதாகிறது. மரபணுச் சோதனைக்கும் போதிய பொருள் கிடைக்கிறது. படங்களைக் கற்றுத் தேர்ந்த கம்ப்யூட்டரைக் கொண்டு புற்றையும் வீக்கத்தையும் பிரித்தறியும் ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. கருவி எவ்வளவு முன்னேறினும், குழாயைப் பிடிக்கும் கையும் படத்தைப் படிக்கும் கண்ணும் பழகியிருக்க வேண்டும். இது பார்ப்பவனுடைய திறமையையே பெரிதும் சார்ந்து நிற்கும் பரிசோதனையாகும்.

யாரைப் பார்ப்பது?

இனி, இக்கருவியால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா என்ற கேள்விக்கு வருவோம். பரம்பரைக் காரணங்களால் இந்நோய்க்கு ஆளாகக் கூடியவர்களை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்திய நிபுணர்கள் தலைமையில் பல நிலையங்கள் சேர்ந்து, ஒலிக்கருவியாலும் எம்.ஆர்.ஐ. படத்தாலும் வருஷந்தோறும் கவனித்து வந்திருக்கின்றன. அவற்றின் முடிவுகள் 2022-ல் வெளியாயின. கண்காணிப்பில் சேர்ந்த 1,731 பேரில் 26 பேருக்குக் கணையப் புற்று தோன்றிற்று. கண்காணிப்பிலிருந்து வழுவாமல் இருந்தபோது நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 19 பேர்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது முதல் நிலையிலேயே இருந்தது. ஐந்து வருஷம் உயிர் வாழ்ந்தோர் விகிதம் நூற்றுக்கு 73. கண்காணிப்புக்கு வெளியே நோய் தெரியவந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஆறு பேருக்கு நோய் ஏற்கெனவே உடம்பெங்கும் பரவிவிட்டிருந்தது. நாலு வருஷங்களுக்கு மேலாகப் பரிசோதனைக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவரும் அப்படியே பரவிய நோயுடன் வந்தார். தொகை சிறியதே, ஆனால் அது கற்பிக்கும் பாடம் சிறியதன்று.

அப்படியாயின் எல்லோரும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது தவறு. நம் தேசத்தில் இந்நோய் ஆண்டுதோறும் லக்ஷம் பேரில் ஓரிருவருக்கே வருகிறது. நூற்றில் இரண்டு தடவை மாத்திரமே பிசகும் ஒரு பரிசோதனையை லக்ஷம் பேருக்கு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மெய்யான நோயாளிகள் ஓரிருவர் அகப்படுவர். நோயில்லாத இரண்டாயிரம் பேர் பீதிக்கும், ஊசிக்கும், சிலர் வீணான ரண சிகிச்சைக்கும் ஆளாவர். அமெரிக்காவில் நோய்த் தடுப்புப் பரிசோதனைகளை ஆராயும் நிபுணர் குழு, அறிகுறியும் பரம்பரைக் காரணமும் இல்லாதவர்களுக்கு இச்சோதனை வேண்டாம் என்று 2019-ல் மறுபடியும் வற்புறுத்தியது இக்காரணம் பற்றியே. பணம் படைத்தவர் விளம்பரத்தைக் கண்டு செய்துகொள்ளும் ஆடம்பரச் சோதனையாக இது மாறுவதை நாம் விரும்பவில்லை.

ஆனால் பார்க்கப்பட வேண்டியவர்கள் பார்க்கப்படாமல் போவது அதனினும் பெரிய தவறு. இவர்கள் யார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெருங்கிய இரத்த உறவினர் இருவருக்கு இந்நோய் கண்ட குடும்பத்தினர் ஒரு சாரார். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென நீரிழிவு தோன்றி, அதனுடன் உடம்பும் காரணமின்றி இளைப்பவர்கள் மற்றொரு சாரார். புதிதாக நீரிழிவு கண்ட அவ்வயதினரில் மூன்று வருஷத்துக்குள் இந்நோய் வெளிப்படுவது நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவே. ஆயினும் இளைப்பும் சேர்ந்தால் அலட்சியம் கூடாது. மூன்றாவது சாரார் நம் தென்னாட்டில் காணப்படுபவர்கள். இளம் வயதிலேயே கணையத்தில் கற்கள் தோன்றி நீரிழிவில் கொண்டுவிடும் ஒரு வியாதி கேரளத்திலும் தமிழகத்திலும் உண்டு. கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் இதனை விரிவாக ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தார். இந்நோயாளருக்குப் பிற்காலத்தில் கணையப் புற்று ஏற்படும் அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் மிக அதிகம். அவர்களிடத்திலேயே ஒலிக்கருவியின் வேலையும் கடினமாகிறது. கற்கள் ஒலியை மறித்து நிழல் வீழ்த்துகின்றன, இறுகிய சதை புற்றைப் போலவே தோற்றமளிக்கிறது. தேர்ந்த கைகள் நம் நாட்டில் அதிகம் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

இறுதியாக, காமாலை. கணையத்தின் தலையில் வளரும் கட்டி பித்த நாளத்தை நெருக்குவதால் கண்ணும் தேகமும் மஞ்சளிக்கின்றன, அரிப்பு உண்டாகிறது, மலம் வெளுக்கிறது, வலியோ பெரும்பாலும் இராது. நம் வீடுகளில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைப்பது நெடுநாளைய வழக்கம். இளைஞருக்கு வரும் காமாலை பல சமயங்களில் தானே தணிவது. அதனால் மருந்துக்கும் நற்பெயர் கிடைக்கிறது. ஆனால் ஐம்பதைக் கடந்தவருக்கு வலியின்றி வந்து நாளுக்கு நாள் ஏறும் காமாலை வேறு விஷயம். அதற்கு மூலிகையைக் கொடுத்துக்கொண்டு ஆறு வாரம் காத்திருப்பது, அகற்றக்கூடிய கட்டியை அகற்ற முடியாததாகச் செய்துவிடக் கூடும். அதே காமாலையை முதல் வாரத்திலேயே மதித்து நோயாளியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினால், அந்த மஞ்சள் நிறமே அவருக்கு உயிர்ப்பிச்சை அளிக்கும் எச்சரிக்கையாகும்.

இக்கருவி பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. அதில் கை தேர்ந்தவர்களும் அங்கேயே இருக்கின்றனர். ஒவ்வொரு தாலுக்கா வைத்தியசாலையிலும் அதை நிறுவும்படி நாம் கேட்கவில்லை. அது சாத்தியமுமில்லை, அவசியமுமில்லை. வைத்தியக் கல்லூரிகளைச் சேர்ந்த அரசாங்க வைத்தியசாலைகளில் ஏழைகளுக்கும் எட்டும்படி இப்பரிசோதனை நடைபெற வேண்டும். அதற்கு இளம் வைத்தியர்கள் முறையாகப் பயிற்றப்பட வேண்டும். யாரை, எத்தனை நாட்களுக்குள் அங்கே அனுப்புவது என்பது கிராம வைத்தியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் கடைசியானதற்குச் செலவு மிகக் குறைவு. பலனோ மிக அதிகம். மறைந்திருக்கும் பகையைக் காணும் கருவியை விஞ்ஞானிகள் கொடுத்துவிட்டார்கள். காண வேண்டியவரைக் காலத்தில் அதன் முன் கொண்டுபோய் நிறுத்துவது குடும்பத்தார், வைத்தியர், அரசாங்கம் ஆகிய நம் எல்லோருடைய கடமையாகும்.